கண்ணால பார்த்தியா, மீட்டரால பார்த்தியா

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தரணேந்திர நயினார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, அந்த அழைப்பை நான் இரண்டு முறை துண்டித்தேன்.

காலை ஏழரை மணி இருக்கும். விழுப்புரத்தில் என் ஷெட்டைத் திறந்துவிட்டு ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் வடையுமாக நின்றிருந்தேன். போனில் ‘திண்டிவனம் நயினார்’ என்று பெயர் வந்தது. எதற்கு அழைக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மின்சாரம் அளக்கும் அவருடைய மஞ்சள் மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். இரண்டு தீபாவளி போய்விட்டது. அதனால் துண்டித்தேன். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்து, அவரைப் பேச விடாமல் நானே ஆரம்பித்தேன்.

“நயினாரே, கோச்சுக்காதீங்க. மீட்டர பையில போட்டு வண்டியில வச்சிட்டேன். திண்டிவனத்துக்குத்தான் கெளம்பிக்கினு இருக்கேன்.”

பையைக்கூட நான் எடுக்கவில்லை.  மறுமுனையில் அவர் மனைவி ராஜமதி அக்காவின் குரல் கேட்டது.

“ஏழுமல, அவரு போயிட்டாருப்பா. காலைல குளிச்சிட்டு வந்து நாற்காலில ஒக்காந்தாரு. எழுந்திருக்கல. நீ கெளம்பிட்டியா? வா.”

வாயாடியே பிழைப்பவன் நான். அன்றைக்கு “வரேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு மீட்டரைத் தேடப் போனேன்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு நயினாரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஐடிஐ படித்துவிட்டு டிவி ரிப்பேர் கடை வைத்தார். ஜனங்கள் டிவியை ரிப்பேர் செய்வதை விட்டுவிட்டுப் புது டிவி வாங்க ஆரம்பித்ததும், இவர் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். கடைக்கு வெளியே பலகை மட்டும் மாறவில்லை. உள்ளே நாலு கார் நிற்கும், வெளியே ‘டிவி சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து யாராவது ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். காரை அப்படியே விட்டுவிட்டு ரிமோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “பலகைய மாத்துங்க நயினாரே” என்றால், “மாத்தினா இந்த ரிமோட்டுக்குள்ள இன்னா ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்பார்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். படிப்பில் என்னைவிடப் பல வருஷம் மூத்தவர். நான் ஆறாவது படிக்கும்போது வாத்தியாரிடம் கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்ததில் வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு காரின் பின் விளக்கால். பிரேக் மிதித்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் அல்லவா? அந்தக் காரில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கியது. நான் பல்பை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், மாற்றுவதற்கு வேறெதுவும் இல்லாமல் போனதும் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் விளக்கைக் கழற்றினார். பிளேடு ஒன்றை எடுத்து, கறுப்பு வயர் வந்து சேரும் இடத்தில் இருந்த துருவைச் சுரண்டினார். அவ்வளவுதான். விளக்கு ஒழுங்காக எரிந்தது.

“கரெண்டு போற வழிய எல்லாரும் பாக்கறாங்க. அது திரும்பி ஊட்டுக்கு வர்ற வழிய எவனும் பாக்கறதில்ல. கறுப்பு ஒயர மொதல்ல பாரு” என்றார்.

“இது எனக்குத் தெரியும். நீங்க கண்டுபிடிக்கிறீங்களானு பாக்கத்தான் வந்தேன்” என்றேன்.

அவர் முகம் மாறவே இல்லை. “அப்டியா? நான் பாஸா?” என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கேள்வி கேட்பதுதான் அவருக்கு வேலை. ரிப்பேர் அதற்குப் பின்னால் வரும். வண்டி கொண்டு வருபவரை உட்காரவைத்து, கடைசியாக வண்டி நன்றாக ஓடிய நாளில் எங்கே போனீர்கள், அன்றைக்கு மழையா, பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள், எங்கே நிறுத்தினீர்கள், மரத்தடியா, கொட்டகையா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். கேள்வி தாங்காமல், “வண்டிக்கு ஒன்னும் இல்ல, எனக்குத்தான் தல சுத்துது” என்று சொல்லிக் கிளம்பிப் போனவர் ஒருவர் உண்டு. மறுநாள் அவர் வண்டி லாரியில் ஏறி வந்தது.

கெடார் கிராமத்துக் கோதண்டத்தின் கார் விஷயத்தில் நான் செய்த கூத்தை நயினாரை அறிந்தவர்கள் பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

கோதண்டம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி. பழைய சின்ன கார் ஒன்று வைத்திருந்தார். அதில் மூட்டையும் ஏறும், மனிதர்களும் ஏறுவார்கள். அவர் மனைவி பச்சையம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரிக்குப் போய் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கார் இருபது நிமிஷம் ஓடும், பிறகு இருமலோ முனகலோ இல்லாமல் அப்படியே நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை வளவனூர் தாண்டி நின்றுவிட்டது. சிகிச்சை முடிந்து களைத்து வந்த அந்த அம்மா, சாலையோரப் புளியமரத்தடியில் துண்டு விரித்துப் படுத்திருந்ததாகக் கோதண்டம் வந்து சொன்னார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் ரிலே மாற்றினேன், காயில் மாற்றினேன். கடைசியில், “ஈசிஎம் போச்சு” என்றேன். என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்றெல்லாம் முடிவு செய்யும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு எங்கள் தொழிலில் அந்தப் பெயர். ஒரு மெக்கானிக்குக் காரணம் தெரியவில்லை என்றால் பெட்டிதான் போயிருக்கும். அந்த வயதுக் காருக்குப் புதுப் பெட்டி எங்கே கிடைக்கும்? சென்னையில் பழைய பாகம் விற்கும் வியாபாரி ஒருவரிடம், வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்டியை வாங்கி வந்தேன். பழையதைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போவது அங்கே வழக்கம். கோதண்டத்தின் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்த பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் எடுத்தது. இரண்டு விநாடி ஓடிவிட்டு நின்றது. மறுபடி திருப்பினேன், மறுபடி இரண்டு விநாடி. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. முன்பாவது இருபது நிமிஷம் ஓடியது. நான் கை வைத்ததும் இரண்டு விநாடிக்கு வந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் ரிப்பேர் பண்ணா, ஷெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுடும் போலருக்கு” என்றார் கோதண்டம்.

நயினாருக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை அவர் ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முதல் கேள்வியே, “எர்த்த பார்த்தியா?” என்பதுதான். கறுப்பு வயர் காரின் உடம்போடு சேரும் இடத்தை எர்த் என்போம்.

“பார்த்தேன்” என்றேன்.

பார்த்தது உண்மைதான். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். போல்ட் இறுக்கமாகத்தான் தெரிந்தது. அவர் என்னை நம்பி அடுத்ததற்குப் போனார். பெட்டி மேலிருந்த நம்பர் சரியா என்று பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு சாவி விளக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“இது வேற வண்டில இருந்த பெட்டி. அந்த வண்டி சாவிதான் இதுக்குத் தெரியும். கோதண்டம் சாவிய போட்டா, ‘யாருய்யா நீ’ன்னு கேட்டுட்டு நிறுத்திடுது.”

“ரேஷன் கார்டு காட்டலாமா?” என்று கேட்டேன்.

“காட்டலாம். கோதண்டத்தோட பெட்டிக்குள்ள எட்டு காலு வச்ச சின்னப் பூச்சியாட்டம் ஒன்னு இருக்கும். அந்த வண்டியோட ஞாபகமெல்லாம் அதுக்குள்ளதான். அத பேத்து எடுத்து இதுல வச்சா, இது கோதண்டம் வண்டிப் பெட்டி ஆயிடும். அந்தப் பழைய பெட்டிய எடு.”

இந்த வருஷம் வெயில் அதிகம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“பெட்டி எங்கய்யா?”

“எக்சேஞ்சுல குடுத்துட்டேன் நயினாரே.”

அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இப்படி ஒருத்தன் எப்படி உருவாகியிருப்பான் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற பார்வை. “போய் எடுத்துக்கினு வா” என்றார்.

செவ்வாய்க்கிழமை பச்சையம்மா பஸ்ஸில் போனார். கெடாரிலிருந்து விழுப்புரம் ஒரு பஸ், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. திரும்பும்போது பாதி வழி நின்றுகொண்டே வந்ததாகவும், கால் வீங்கிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை அவர் பஸ் ஏறக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் ஆயிற்றா? பெட்டி சென்னையில் கிடந்தது.

புதன்கிழமை போனேன். வியாபாரி ஒரு குவியலைக் கைகாட்டி, “தேடிக்கோ” என்றார். எல்லாம் ஒரே கம்பெனிப் பெட்டிகள், அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. கோதண்டம் ஆயுத பூஜைக்கு பானட்டைத் திறந்து, பேட்டரி, ரேடியேட்டர் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு வைப்பவர். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஈசிஎம்முக்கும் வைத்திருந்தார். பொட்டு வைத்த பெட்டியைத் தேடினால் போதும் என்று கிளறினேன். அரை மணி நேரத்தில் நயினாருக்குப் போன் போட்டேன்.

“நயினாரே, பொட்டு வச்ச பெட்டி மூணு கீது. மூணும் ஒரே நம்பரு.”

எனக்கு அழுகை வருகிற நிலைமை. அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “மூணா? அப்ப எல்லாரும் வக்கிறாங்களா? ஜல்தியா சொல்லு, எப்டி வச்சிருக்காங்க? நடுவுலயா, ஓரத்துலயா?”

“அத அப்பறம் ஆராய்ச்சி பண்ணலாம். எது நம்மளுதுன்னு சொல்லுங்க.”

“மோந்து பாரு. திருப்பிப் பாரு. எந்த ஊரு பெட்டின்னு அதுவே ஏதாவது சொல்லும்.”

நடு வீதியில் நின்று மூன்று பெட்டிகளையும் முகர்ந்து பார்த்தேன். ஒன்று கருவாட்டு வாசனை, கடற்கரைப் பக்கத்து வண்டியாக இருக்கும். இன்னொன்றில் ஊதுவத்தி. மூன்றாவதில் வாசனை எதுவும் இல்லை. ஆனால் அதைத் தாங்கும் தகட்டின் மடிப்பில், கீழ்ப்பக்கத்தில், மெல்லிசாக ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். மல்லாட்டைப் பருப்பின் தோல். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வியாபாரி என்னைப் பார்த்து, “தண்ணி கிண்ணி குடிக்கிறியாப்பா?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல்தான் நயினாரால் வர முடிந்தது. கோதண்டமும் வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். நயினார் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை, அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் எங்கே போனாலும் டிபன் பாக்ஸ் கூடவே வரும். அன்றைக்குக் கேப்பை அடை. பாக்ஸைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு பெட்டிகளையும் பிரித்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சூடு வைத்து, அந்த எட்டுக்கால் பூச்சியைக் கிளப்பினார். ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. கோதண்டத்தின் வண்டி பற்றிய ஞாபகம் முழுவதும் அதற்குள் இருந்தது என்பதை என்னால் இன்றைக்கும் முழுசாக நம்ப முடியவில்லை.

“ஏழுமல, மூச்ச வுடாத. பறந்துடும்.”

“எவ்ளோ நேரம் வுடக்கூடாது?”

“பேசவும் கூடாது. இதுக்குன்னே ஒரு வேல வேணும்னு ரொம்ப நாளா தேடிக்கினு இருந்தேன்.”

பூச்சியை மற்ற பெட்டியில் உட்காரவைத்துப் பற்றவைத்து, வண்டியில் மாட்டினோம். சாவியைத் திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என்ஜின் நிற்கவில்லை. சாவி விளக்கு அணைந்துவிட்டது. கோதண்டம் எழுந்து பானட்டைப் பார்த்துக் கும்பிட்டார். நான் இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம் ஆடினேன்.

“எடுத்துக்கினு கெளம்புங்க, நாளைக்கு ராஜாவாட்டம் போய்ட்டு வாங்க” என்றேன்.

“இருய்யா” என்றார் நயினார். அவர் உள்ளங்கையில் அந்த மல்லாட்டைத் தோல் இருந்தது. “இது எப்படி பெட்டிக்கு அடியில வந்துது?”

“பசி எடுத்திருக்கும், பெட்டியே தின்னிருக்கும்.”

“அதான் கேக்கறேன். யாரு தின்னாங்க?”

வண்டி ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார். எனக்கோ அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். இருபது தாண்டியதும் நான் ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தேன். வண்டி நின்றது. இருமல் இல்லை, முனகல் இல்லை.

 கோதண்டம்தான் முதலில் கேட்டார்.

“இன்னாய்யா, புது மூளையும் பழைய மூளையாட்டமே யோசிக்குது?”

நயினார் என் பக்கம் திரும்பினார். “எர்த்த பார்த்தேன்னு சொன்னியே. கண்ணால பார்த்தியா, மீட்டரால பார்த்தியா?”

நான் ஷெட் கூரையைப் பார்த்தேன். ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று.

அவர் பையிலிருந்து மஞ்சள் மீட்டரை எடுத்தார். கறுப்பு முள்ளைப் பேட்டரியின் கறுப்பு முனையில் வைத்தார். சிவப்பு முள்ளைப் பெட்டியின் எர்த் வயரில் வைத்து, “சாவியத் திருப்பு” என்றார். திருப்பினேன். பூஜ்யத்தில் அசையாமல் இருக்க வேண்டிய எண் விறுவிறுவென்று ஏறியது.

“எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவுல எதுக்குய்யா வோல்ட்டு?” என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, வண்டியைக் கேட்டார்.

வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். நான் பார்த்த போல்ட் உண்மையாகவே இறுக்கமாகத்தான் இருந்தது. வயர் அதற்கு முன்னால், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் ஓடுகிற பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில் புகுந்து வந்தது. தட்டைக் கழற்றினோம். அங்கே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. மல்லாட்டை ஓடு, கிழிந்த சாக்கு நூல், சீட்டிலிருந்து பிடுங்கிய பஞ்சு. நடுவில் கண் திறக்காத ஐந்து எலிக்குஞ்சுகள், விரல் நுனி மாதிரி சிவப்பாக. பக்கத்தில் கறுப்பு வயர். மேல் தோல் போய், உள்ளே செம்பு முழுவதும் கடிபட்டு, நாலைந்து இழை மட்டும் மிச்சம் இருந்தது. நாலு நாள் வண்டி என் ஷெட்டில் சும்மா நின்றதில் அந்த எலியம்மாவுக்குப் பிரசவத்துக்கு வசதியாகப் போயிருக்கிறது.

நயினார் மெதுவாகச் சொன்னார். “குளிர்ச்சியா இருக்கும்போது இந்த நாலு இழையே போதும். சூடாச்சுன்னா தாங்காது. பெட்டிக்கு மூச்சு நின்னுடும். ஆறினதும் மறுபடி மூச்சு வரும். பாவம், அந்தப் பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல.”

அப்படியென்றால் தப்பு யார் மேல் என்று அவர் சொல்லவில்லை. கோதண்டம் எலிகளைத்தான் பார்த்தார்.

“எம் மல்லாட்டைய மூட்டை மூட்டையா தின்ன கும்பலு இதானா? குடுங்க நயினாரே, ஒரே மிதி.”

நயினார் கையைக் குறுக்கே நீட்டினார். “இரு கோதண்டம். இதுங்களுக்கு இன்னும் கண்ணே தெறக்கல. ஒயர கடிச்சது இதுங்க அம்மா. அதுகிட்ட நீ தனியா பேசிக்கோ.”

பழைய பெட்டி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, கூடு கலையாமல் இரண்டு கையாலும் அள்ளி அதில் வைத்தார். ஷெட்டின் பின்சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். “அம்மா வந்து ஒன்னொன்னா எடுத்துக்கினு போவும்” என்றார்.

“எங்க எடுத்துக்கினு போவும்?”

“எங்கியாவது.”

அந்த ‘எங்கியாவது’ எங்கே என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கடிபட்ட துண்டை வெட்டிப் புது வயர் சேர்க்கும்போது வெயில் இறங்கிவிட்டது. பெஞ்சில் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

“நயினாரே, சூரியன் போவுது. ஜல்தியா சாப்ட்டுட்டு வாங்க, வண்டி எங்கயும் ஓடாது” என்றேன்.

“ஓடாதுன்றதுதானய்யா பேஜாரு” என்றார். “காலைல சாப்ட்டா போச்சு. அந்த அம்மா நாளைக்கு பஸ்ல நின்னுக்கினே வரக்கூடாது.”

சூரியன் போய்விட்டது. அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கேப்பை அடையை நான்தான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன். அதற்கு மட்டும் ஒரு முறை முறைத்தார்.

ஷெட்டில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தது போதாது என்று, திருவாமாத்தூர் கோயில் வரை மூன்று பேரும் போய்த் திரும்பினோம். நாற்பது நிமிஷம், வண்டி நிற்கவில்லை. திரும்பி வந்ததும் அவர் முதல் வேலையாகப் பின்சுவருக்குப் போய் அட்டைப்பெட்டிக்குள் டார்ச் அடித்தார். பஞ்சு இருந்தது, குஞ்சுகள் இல்லை.

“அஞ்சு நடை நடந்திருக்குது” என்றார். “ச்சே, பாக்க முடியாம போச்சே.” வண்டி சரியானதைவிட அதைப் பார்க்க முடியாமல் போனதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு என்னிடம் மெதுவாக, “கோதண்டத்துகிட்ட நீயே சொல்லு” என்றார். எதை என்று கேட்கத் தேவையில்லை. பெட்டி கெடவே இல்லை, நான்தான் பார்க்காமல் சொன்னேன், அந்தச் செலவு என்னோடு போகட்டும் என்று கோதண்டத்திடம் சொன்னேன். 

கோதண்டம் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். “எலிக்குக் கூட எது முக்கியமான ஒயருன்னு தெரிஞ்சிருக்குது” என்றார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போகும்போதும் வரும்போதும் பச்சையம்மா பின் சீட்டில் படுத்துத் தூங்கியபடியே வந்தார் என்று மறுநாள் போனில் சொன்னார்.

அந்த வியாழக்கிழமைதான் நயினாரிடம் மீட்டரைக் கேட்டேன். என்னிடம் இருந்தது ஒன்றும் உருப்படியானது இல்லை. “ரெண்டு நாள்ல தரேன்” என்றேன். “வச்சிக்கோ, ஆனா பார்த்து. ஒயரு கொஞ்சம் பழசு” என்று கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

பிறகு எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒரு நாள்கூட மீட்டரைக் கேட்டதில்லை. “எலி எப்டி கீது?” என்றுதான் கேட்பார். அவர் பெயர் போனில் வரும்போதெல்லாம் இன்றைக்கு மீட்டரைக் கேட்டுவிடுவார் என்று பயந்தது நான்தான்.

செய்தி வந்த அன்றைக்கு மீட்டரை உண்மையாகவே பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் போனேன். கிளியனூரிலிருந்து ரிமோட் கொண்டு வருகிற பெரியவர் ஒருவர் கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய சின்ன கார் வந்து நின்றது. கோதண்டம் கதவைத் திறந்துவிட, பச்சையம்மா இறங்கி உள்ளே போனார். அன்றைக்கு அவருக்கு ஆஸ்பத்திரி நாள். பார்த்துவிட்டு அப்படியே புதுச்சேரிக்குப் போகிறோம் என்றார்கள். போகும்போது வண்டி முதல் சாவியில் எடுத்தது. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மீட்டரை அவர் பெஞ்சில் கொண்டுபோய் வைத்தேன். ராஜமதி அக்கா பார்த்துவிட்டார்.

“அத எடுத்துக்கினு போ ஏழுமல.”

“இல்லக்கா, அவரு பொருளு. ரெண்டு வருஷமா குடுக்காம...”

“அவருக்குத் தெரியாதா? நான்தான் கேளுங்க, கேளுங்கன்னு சொல்லிக்கினு இருப்பேன். ‘கேக்காத, அவனா எத்தினி நாள்ல குடுக்கறான்னு பாக்கலாம்’னு சொல்லுவாரு. தினமும் அதே பேச்சு, அதே சிரிப்பு. இன்னிக்கு அவரு கேக்கவே இல்ல, நீயா கொண்டாந்துட்ட. பாக்கத்தான் அவரு இல்ல.”



மீட்டரைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுவும், அவர் கேட்ட ஒரு கேள்வியும்தான். இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும், பார்த்தேன் என்று வாய் சொல்ல வரும்போதே, கண்ணால பார்த்தியா, மீட்டரால பார்த்தியா என்று காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்கிறது. அந்தக் கேள்வியால் இந்த இரண்டு மாதத்தில் நாலு வண்டியின் பெட்டிகள் என்னிடமிருந்து தப்பித்திருக்கின்றன.

மீட்டரை இனிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஷெட்டின் பின்சுவரில் ஒரு பலகை அடித்து, துணியில் சுற்றி அதன் மேல் வைத்தேன். நேற்று ஒரு வண்டிக்கு எர்த் பார்க்க எடுத்தேன். எண் வரவில்லை. துணியை முழுசாகப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு வயரை எலி கடித்திருந்தது. சிவப்பில் பல் படவில்லை.

இதை நான் கண்ணால்தான் பார்த்தேன்.